ட்ராக் ரோபோ திரும்பும்போதுதான் உடைகிறது: வீட்டில் கட்டுவோருக்கு ஒரு விளக்கம்

உக்ரேன் போர்ச் செய்திகளில், ஆளில்லாமல் சேற்றில் ஊர்ந்து போய்ப் பொருள் இறக்கிவிட்டுத் திரும்பும் சிறிய வண்டிகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இடிபாடுகளுக்குள் கமராவோடு நுழையும் மீட்பு ரோபோக்களும் அதே குடும்பம்தான். சில்லுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் ஓடும் சங்கிலி, அதுதான் ட்ராக்; அதற்கு மேல் ஒரு பெட்டி. பார்க்க எளிதாக இருப்பதால், இதை வீட்டில் செய்யலாமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

செய்யலாம். இருபது, இருபத்தைந்து கிலோ எடையில், மணலிலும் புல்லிலும் ஓடக்கூடிய ஒன்றைக் கொழும்பில் கிடைக்கும் பொருட்களை வைத்தே கட்டலாம். ஆனால் இரண்டு எண்ணங்கள் கட்டுபவரைத் தவறான இடத்தில் காசு செலவழிக்க வைக்கின்றன. தடித்த இரும்பில் கட்டினால் உறுதி தானாக வந்துவிடும் என்பது ஒன்று. மேடு ஏறுவதுதான் இந்த வண்டிக்கு ஆகக் கடினமான வேலை என்பது மற்றது. உண்மையில் அச்சு வளைவதும், ட்ராக் கழல்வதும், மோட்டர் சூடேறிப் புகைவதும் பெரும்பாலும் சமதரையில், நின்ற இடத்தில் வண்டியைத் திருப்பும்போது நடக்கின்றன. ஏன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ட்ராக் எதற்கு?

1904 நவம்பரில் கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் நகரில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் ஒரு நீராவி உழவு இயந்திரத்தின் பின்சில்லுகளைக் கழற்றினார். அந்தப் பகுதி வயல் மண் மிகவும் மென்மையானது; எவ்வளவு அகலமான சில்லு போட்டாலும் இயந்திரம் புதைந்தது. ஹோல்ட் சில்லுக்குப் பதிலாக, மரச் சட்டங்கள் பூட்டிய சங்கிலியை மாட்டி ஓட்டிப் பார்த்தார். புதையவில்லை. 1916 செப்டெம்பரில் பிரான்ஸின் சொம் போர்க்களத்துக்கு முதல் டாங்கிகள் வந்தது இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. இன்று வீட்டில் கட்டுபவர் சைக்கிள் செயினில் பலகைத் துண்டு பூட்டினால், அவர் செய்வது ஹோல்ட் செய்த அதே வேலை.

இதன் அடிப்படை தரை அழுத்தம்: எடையை, தரையைத் தொடும் பரப்பால் வகுத்தால் வருவது. 25 கிலோ வண்டி ஒன்றை எடுப்போம். ஒவ்வொரு ட்ராக்கும் 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு, 7 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தரையில் படுகிறது என்றால், இரண்டும் சேர்ந்து 630 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 கிராம்தான் விழுகிறது. அதே வண்டிக்கு நான்கு சிறிய சில்லுகள் போட்டு, ஒவ்வொன்றும் 10 சதுர சென்டிமீட்டர் தொட்டால், அழுத்தம் 625 கிராம். ஈர மணலில் ஒன்று மிதக்கும், மற்றது தோண்டும்.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 40 கிராம் என்பது எடை முழு நீளத்துக்கும் சமமாகப் பரவினால் மட்டுமே. முன்னால் ஒரு சில்லு, பின்னால் ஒரு சில்லு, நடுவில் ஒன்றுமில்லை என்று கட்டினால், சங்கிலி நடுவில் தொய்ந்து சும்மா கிடக்கும். எடை முழுவதும் இரண்டு சில்லுகளுக்கு அடியில்தான் இறங்கும். அப்படிக் கட்டியது பார்க்க ட்ராக் வண்டி, நடத்தையில் சில்லு வண்டி.

பாகங்களின் பெயர்களையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

1. இயக்கப் பற்சில்லு: மோட்டரின் முறுக்கைச் சங்கிலிக்குக் கொடுப்பது.
2. இழுவைச் சில்லு: எதிர்முனையில் சும்மா சுழல்வது. இதை முன்பின் நகர்த்தித்தான் சங்கிலியின் இறுக்கத்தைச் சரிசெய்வார்கள்.
3. தரைச் சில்லுகள்: நடுவில் வரிசையாக நின்று வண்டியின் எடையைச் சங்கிலி மேல் இறக்குபவை.
4. சட்டங்கள்: சங்கிலியில் குறுக்காகப் பூட்டப்பட்டுத் தரையைப் பிடிப்பவை.

நின்ற இடத்தில் திரும்பும்போது நடப்பது

கார் திரும்பும்போது முன்சில்லுகள் திசை மாறும், வண்டி அவற்றைப் பின்தொடரும். ட்ராக் வண்டியில் திசை மாறும் பாகமே இல்லை. ஒரு பக்கம் முன்னால், மறுபக்கம் பின்னால் ஓடுகிறது. நடுப்புள்ளியைச் சுற்றி உடல் சுழல்கிறது. அப்போது ட்ராக்கின் முன்பாதி ஒரு பக்கமாகவும் பின்பாதி மறுபக்கமாகவும் தரையில் தேய்ந்து நகர வேண்டும். கனமான அலுமாரி ஒன்றைத் தூக்காமல் சுழற்றிப் பாருங்கள். அதே உழைப்புத்தான் இங்கேயும்.

இந்த உழைப்பைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. உராய்வுக் குணகத்தை, அதாவது ட்ராக் தரையை எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டும் எண்ணை, எடையால் பெருக்கி, ட்ராக் தரையில் படும் நீளத்தால் பெருக்க வேண்டும். வருவதை, இரண்டு ட்ராக்குகளின் நடுக்கோடுகளுக்கு இடைப்பட்ட அகலத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். கிடைப்பது, திரும்புவதற்காக ஒவ்வொரு ட்ராக்கும் கொடுக்க வேண்டிய விசை.

நமது 25 கிலோ வண்டியின் எடை விசை ஏறக்குறைய 245 நியூட்டன். சீமெந்துத் தரையில் இறப்பருக்கு உராய்வுக் குணகம் 0.7 என்று வைப்போம். அகலம் 40 சென்டிமீட்டர்.

1. நீளம் 45 சென்டிமீட்டர் என்றால், ஒரு ட்ராக்குக்கு 48 நியூட்டன். சங்கிலி உருள்வதற்கான எதிர்ப்பு ஏறக்குறைய 18 நியூட்டனைச் சேர்த்தால் 66.
2. நீளம் 80 சென்டிமீட்டர் என்றால், 86 நியூட்டன். உருளல் எதிர்ப்போடு 104.
3. இதே வண்டி 30 பாகைச் சரிவில் நேராக ஏற, ஒரு ட்ராக்குக்கு 77 நியூட்டன் போதும்.

குட்டையான வண்டி திரும்புவதற்குச் செலவழிப்பது, செங்குத்தான சரிவில் ஏறுவதற்குக் கிட்டத்தட்ட சமம். நீண்ட வண்டிக்கோ திரும்புவது ஏறுவதைவிடக் கடினம். சரிவு எப்போதாவது வரும். திரும்புதல் ஒவ்வொரு நிமிடமும் வரும். மோட்டரைத் தெரிவு செய்ய வேண்டியது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

மோட்டரோடு விஷயம் முடிவதில்லை. அந்தப் பக்கவாட்டுத் தேய்ப்பு விசை தரைச் சில்லுகளின் அச்சுகளையும், சங்கிலியின் பக்கத் தகடுகளையும், சட்டங்களின் போல்ட்டுகளையும் பக்கவாட்டில் தள்ளுகிறது. மேடு ஏறும்போது இந்தத் தள்ளல் கிடையாது. ஒரு முனையில் மட்டும் பூட்டிய தரைச் சில்லு அச்சு நேராக ஓடும்வரை நன்றாகத்தான் இருக்கும். பத்துத் தடவை சீமெந்தில் சுழற்றினால் வளையும். இரண்டு முனைகளிலும் தாங்கப்பட்ட மெல்லிய அச்சு, ஒரு முனையில் தொங்கும் தடித்த அச்சைவிட அதிக நாள் உழைக்கும். தடித்த இரும்பு போதாது என்று முதலில் சொன்னதன் காரணம் இதுதான்.

திரும்பும் சுமையைக் குறைக்க மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம். கனரக வண்டிகளில் இது வழக்கமாக 1.2 முதல் 1.8 வரை வைக்கப்படுகிறது. வீட்டு ரோபோவுக்கு 1.5 ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது.

இரண்டாவது, நடுத் தரைச் சில்லுகளை மற்றவற்றைவிட மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் கீழே இறக்குவது. கடினமான தரையில் வண்டி நடுப்பகுதியில் மட்டும் நிற்கும், அதனால் திரும்புவது இலகு. மணலிலும் புல்லிலும் அந்தச் சில மில்லிமீட்டர் புதைந்துவிடும், அப்போது முழு நீளமும் வேலை செய்யும். காசே செலவாகாத இந்த மாற்றத்தை விடக் கூடுதல் பலன் தரும் மாற்றம் இந்த வண்டியில் வேறில்லை என்பது என் எண்ணம்.

மூன்றாவது, எல்லாச் சட்டங்களிலும் இறப்பர் ஒட்டாமல் விடுவது. இங்கே ஒரு இழுபறி உண்டு. 30 பாகைச் சரிவில் வழுக்காமல் நிற்க, உராய்வுக் குணகம் 0.58 க்கு மேல் வேண்டும். வெறும் பிளாஸ்டிக் சட்டம் அதைக் கொடுக்காது. இறப்பர் கொடுக்கும், ஆனால் திரும்பும்போது அதே இறப்பர் எதிரி. மூன்று சட்டங்களுக்கு ஒன்றில் பழைய டயர்த் துண்டு என்பது தொடங்குவதற்கு நல்ல இடம். அப்புறம் தரையைப் பொறுத்துக் கூட்டலாம், குறைக்கலாம்.

படி ஏறும் ஆசை

மாடிப்படி ஏறும் ரோபோவைக் காட்டினால்தான் பலருக்குத் திருப்தி. அதன் விலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு படியின் உயரம் 17, அகலம் 27 சென்டிமீட்டர் என்றால், ஒரு படி விளிம்பிலிருந்து அடுத்த விளிம்புக்குச் சரிவுத் தூரம் 32 சென்டிமீட்டர். வண்டி தலைகுப்புற விழாமல் சமமாக ஏற, எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு விளிம்புகளில் அது படிந்திருக்க வேண்டும். அதற்கு 64 சென்டிமீட்டருக்குக் குறையாத ட்ராக் வேண்டும். படிக்கட்டின் சரிவும் 32 பாகை வருகிறது.

ஆக, படி ஏற நீளம் வேண்டும், திரும்பக் குட்டை வேண்டும். இந்த முரண்பாட்டுக்குத் தொழில்முறை விடைதான் துடுப்புக் கை. 2001 செப்டெம்பரில் நியூயோர்க் உலக வர்த்தக மையத்தின் இடிபாடுகளிலும், 2011 இல் ஃபுகுஷிமா அணு உலையிலும் இறக்கப்பட்ட பெக்பொட் ரோபோவின் முன்பக்கத்தில், சிறிய ட்ராக் சுற்றிய இரண்டு கைகள் உண்டு. படியில் அவற்றை முன்னே நீட்டும், நீளம் கூடும். தரையில் மேலே மடக்கும், நீளம் குறையும்.

இதை வீட்டில் செய்ய முடியாது என்றில்லை. ஆனால் துடுப்புக் கைக்குத் தனி மோட்டர், ஒன்றுக்குள் ஒன்று சுழலும் இரட்டை அச்சு, துல்லியமான லேத் வேலை எல்லாம் வேண்டும். முதல் வண்டியில் இதற்குள் இறங்காமல் இருப்பதே நல்லது.

சங்கிலியை எதில் செய்வது?

சிறிய பெக்கோ இயந்திரங்களுக்கான இறப்பர் ட்ராக்குகள் இலங்கையிலேயே தயாராகின்றன. மிடிகம, கொட்டுகொட ஆலைகளை வைத்திருந்த கெம்சோவின் அந்தத் தொழில் அண்மையில் மிச்சிலினிடமிருந்து இந்தியாவின் சியட் நிறுவனத்துக்குக் கைமாறியது. 1876 இல் ஹெனரத்கொடையில் முதல் இறப்பர் மரங்கள் நடப்பட்ட நாட்டில் இது பொருத்தமானதே. ஆனால் அந்த ட்ராக்குகள் தொன் கணக்கில் எடையுள்ள இயந்திரங்களுக்கானவை. நமது அளவுக்கு ஆயத்த ட்ராக் கடையில் கிடைக்காது. செய்துகொள்ள மூன்று வழிகள் உண்டு.

1. இரட்டைச் செயினும் சட்டமும். ஒரு ட்ராக்குக்கு இரண்டு செயின்கள், அவற்றுக்குக் குறுக்கே அலுமினிய அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் சட்டங்கள். சைக்கிள் செயினுக்கும், 420, 428 வகை மோட்டார் சைக்கிள் செயினுக்கும் கண்ணி இடைவெளி ஒன்றே: 12.7 மில்லிமீட்டர். 24 பற்கள் உள்ள சில்லு போட்டால் அதன் ஆரை ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வரும். மோட்டார் சைக்கிள் செயின் கனம் கூட, ஆனால் பக்கவாட்டுத் தள்ளலை நன்றாகத் தாங்கும். சட்டத்தைப் பூட்டக் கண்ணியில் நேரடியாக வெல்டிங் செய்வதுதான் பெரும்பாலானோர் விடும் பிழை. சூட்டில் ஊசியும் தகடும் பதம் கெட்டு, கண்ணி மடங்காமல் இறுகிவிடும். ஊசியைத் தட்டி எடுத்துவிட்டு, அதே தடிப்பில் நீளமான ஊசியைப் போட்டு, வெளியே நீளும் பகுதியில் சட்டத்தைப் பூட்டுவது பாதுகாப்பானது. பக்கக் காது வைத்த விவசாய இயந்திரச் செயின் கிடைத்தால் இந்த வேலையே மிச்சம்.

2. பட்டி. தொழிற்சாலைக் கன்வேயர் பட்டியின் மிச்சத் துண்டை வளையமாக்கி, குறுக்கே சட்டம் பூட்டுவது. சத்தம் குறைவு, துரு இல்லை. ஆனால் பற்களில்லாத பட்டி ஈரத்தில் வழுக்கும். இணைத்த இடம் முதலில் கிழியும்.

3. முப்பரிமாண அச்சிடல் (3D பிரின்டிங்). கண்ணிகளை அச்சடித்து, சைக்கிள் கம்பியை ஊசியாக நுழைப்பது. ஐந்து கிலோ வரையான வண்டிக்கு அழகான வழி. பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகைச் செல்சியசில் இளகத் தொடங்கும். கொழும்பு வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் கிடந்தாலே கண்ணிகள் கோணிவிடக்கூடும். 80 பாகை வரை தாங்கும் பிஈடிஜி அதைவிட நம்பகமானது.

20 கிலோவைத் தாண்டும் வண்டிக்கு முதல் வழியைத்தான் பரிந்துரைப்பேன். ஒன்றரை மீட்டர் சுற்றளவுள்ள ட்ராக்குக்கு 118 கண்ணிகள் வரும். செயின் தேய்ந்து நூற்றுக்கு ஒன்று நீண்டாலே 15 மில்லிமீட்டர் தொய்வு சேரும். எனவே இழுவைச் சில்லுக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர் நகர இடம் விட வேண்டும். ஒரே ட்ராக்கின் இரண்டு செயின்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் சட்டம் சாய்ந்து ஓடும்.

ட்ராக் ஏன் கழல்கிறது?

மீண்டும் திரும்புதல்தான் காரணம். திரும்பும்போது பக்கவாட்டு நகர்வு முன், பின் முனைகளில்தான் உச்சம். அங்கே செயின் தொய்வாக இருந்தால் பல்லின் மேல் ஏறும், ஏறியது வெளியே விழும். அதோடு ஒரு கூழாங்கல்லோ சுள்ளியோ இடையில் மாட்டினால் முடிந்தது கதை.

தடுப்பதற்கு முதல் வேலை நேர்ப்படுத்தல். இயக்கப் பற்சில்லு, தரைச் சில்லுகள், இழுவைச் சில்லு மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் விலகல் கூடச் செயினை மெல்ல மெல்ல ஒரு பக்கம் ஏற்றும். அடுத்தது, சட்டங்களின் உட்புறத்தில் நடுவே சிறு பற்கள் பூட்டி, தரைச் சில்லுகளின் நடுப் பள்ளத்தில் அவை ஓடும்படி செய்வது. டாங்கிகளிலும் இதுவே வழி.

இறுக்கம் பற்றிய கேள்வி அடிக்கடி வரும். மேற்பக்கச் செயினின் நடுவில் விரலால் அழுத்தினால், 50 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அல்லது சற்றுக் கூடத் தாழலாம். இதைவிட இறுக்கினால் மோட்டரின் வலு பெயாரிங்குகளில் சூடாகப் போய்விடும். பற்சில்லைப் பின்னால் வைத்தால், முன்னோக்கிப் போகும்போது கீழ்ப்பக்கச் செயின் இறுகி, தொய்வு மேலே ஒதுங்கும். அதனால் பற்சில்லைப் பின்னால் வைப்பது நல்லது. பின்னோக்கி ஓடும்போது இது தலைகீழாகும். ரிவர்ஸில் வேகமாகத் திருப்பும்போது ட்ராக் கழல்வது அதனால்தான்.

மோட்டர்: பஞ்சிகாவத்தையில் தேட வேண்டியது

முன்னைய கணக்கில் ஒரு ட்ராக்குக்கு 66 முதல் 104 நியூட்டன் வந்தது. பற்சில்லின் ஆரை 5 சென்டிமீட்டர் என்பதால், தேவையான முறுக்கு விசை, கராஜில் டோர்க் என்பார்களே அது, 3.3 முதல் 5.2 நியூட்டன் மீட்டர் வரை. இது கார் வைப்பர் மோட்டர் செய்யக்கூடிய வேலை. ஜப்பானிய ரீகண்டிஷன் கார்கள் நிறைந்த ஊர் என்பதால் கொழும்பில் பழைய கார் உதிரிப் பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக் கடைகளில் இவை தாராளமாகக் கிடக்கின்றன. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட பின் டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில வாரங்களில் 350 ஐத் தாண்டியது; வெளிநாட்டிலிருந்து மோட்டர் தருவிப்பது பலருக்கு எட்டாமல் போனது அப்போதுதான். பழைய உதிரிப் பாகத்தைச் சுற்றி வண்டியை வடிவமைப்பது இங்கே புத்திசாலித்தனமான வழி. முதலில் ஒரே வகை மோட்டர் இரண்டை வாங்குங்கள், அளவுகளை எடுங்கள், அதற்கேற்ப அடிச்சட்டத்தை வரையுங்கள்.

வைப்பர் மோட்டரில் தெரிந்திருக்க வேண்டியவை:

1. பெரும்பாலானவற்றில் மறை முனை மோட்டரின் உலோக உடலோடு இணைந்திருக்கும். காரில் அது வசதி, ரோபோவில் ஆபத்து. திசை மாற்றும்போது உடலே நேர் முனையாகிவிடும். இரண்டு மோட்டர்களும் ஒரே இரும்புச் சட்டத்தில் பூட்டியிருந்து, ஒன்று முன்னும் மற்றது பின்னும் ஓடினால், சட்டம் வழியாக நேரடி ஷோர்ட். அதுவும் வண்டி திரும்பும் அந்தக் கணத்தில். பிளாஸ்டிக் தகடும் நைலோன் வாஷரும் போட்டு உடலைப் பிரிக்க வேண்டும், அல்லது உள்ளே திறந்து அந்த இணைப்பைத் தனி வயராக வெளியே எடுக்க வேண்டும்.
2. இரு வேக மோட்டரில் மூன்று கார்பன் துண்டுகள் இருக்கும். வேகமான இணைப்பு ஒரு திசைக்காகச் சாய்த்து வைக்கப்பட்டது. இரு திசையிலும் ஓட மெதுவான இணைப்பையே பயன்படுத்துங்கள்.
3. மோட்டரின் அச்சில் பற்சில்லை நேரடியாக மாட்டாதீர்கள். செயினின் இழுவையைத் தாங்க அது செய்யப்படவில்லை. இரண்டு பக்கமும் பெயாரிங் வைத்த தனி அச்சு போட்டு, மோட்டரிலிருந்து சிறு செயினால் அதை ஓட்டுங்கள். பழைய சோனகத் தெருப் பக்கம் இரும்புச் சாமான் கடைகளில் கேட்டால் வார்ப்பிரும்புக் கூட்டோடு வரும் பெயாரிங் கிடைக்கும்; யூசிபி204 என்றால் 20 மில்லிமீட்டர் அச்சுக்கானது.

நிமிடத்துக்கு 45 சுற்று என்றால் வேகம் நொடிக்கு 24 சென்டிமீட்டர்தான். மெதுவானதுதான். ஆனால் மாற்றத் தேவையில்லை. வீட்டுக்குள்ளும் ஆட்கள் நடுவிலும் ஓடும் 25 கிலோ இரும்புக்கு இதுவே பொருத்தமான வேகம்.

மின்சாரம்

சரிவு ஏறும்போது இரண்டு மோட்டர்களும் சேர்ந்து 12 வோல்ட்டில் ஏறக்குறைய 8 அம்பியர் இழுக்கும். வைப்பர் மோட்டருக்குள் வேகத்தைக் குறைக்கும் புழுப் பற்சில்லு பாதிக்கு மேற்பட்ட சக்தியைச் சூடாக்கி வீணடிப்பதும் இதில் அடக்கம். ஆனால் சுமையில் மாட்டி நின்றுபோன மோட்டர் ஒன்றே 20 அம்பியர் வரை இழுக்கலாம். மோட்டர் டிரைவரை, அதாவது மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பலகையை, தெரிவு செய்ய வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை வைத்து.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டால் முதலில் கையில் வைப்பது எல்298என் பலகைதான். அது ஒரு மோட்டருக்கு 2 அம்பியர் மட்டுமே கொடுக்கும், அதிலும் 2 வோல்ட்டைத் தானே விழுங்கும். பாடப் பரிசோதனைக்குச் சரி, இந்த வண்டிக்கு உதவாது. பிடிஎஸ்7960 பலகை பொருந்தும். அதில் எழுதியிருக்கும் 43 அம்பியர் சிப்பின் எல்லை. சிறிய வெப்பத் தகட்டோடு தொடர்ந்து எடுக்கக்கூடியது அதைவிட மிகக் குறைவு. ஒவ்வொரு மோட்டருக்கும் தனித்தனிக் கார் பியூஸ் கட்டாயம்.

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1/1.13 ஒற்றைக் கம்பியைப் போடாதீர்கள். அதிர்வில் உள்ளே முறிந்துவிடும், வெளியே தெரியாது. பல இழை கொண்ட கார் வயர் வேண்டும்.

பற்றரிக்கு எளிய தெரிவு யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட், 7 அம்பியர் மணி ஈயப் பற்றரி. ஆனால் 7 என்பது இருபது மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. 8, 10 அம்பியரில் இழுத்தால் இருபது நிமிடம் சுமாராக ஓடும், அவ்வளவுதான். லித்தியம் இரும்பு பொஸ்பேட் கலங்கள் நான்கைத் தொடரில் போட்டால் 12.8 வோல்ட், விலை கூட, எடை பாதிக்கும் குறைவு, பல நூறு தடவை கூடுதலாக ஏற்றலாம். பழைய மடிக்கணினியில் கழற்றிய 18650 வகை லித்தியம் கலங்களை இந்த வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அவை அதிக மின்னோட்டத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல, அடிபட்டால் தீப்பிடிக்கும்.

உப்பும் ஈரமும்

காலிமுகத்திடல் முதல் தெஹிவளை வரை கடற்காற்று படும் எந்த வீட்டிலும் மின்விசிறியின் ஆணி கூடத் துருப்பிடிக்கும். அலுமினியச் சட்டத்தில் இரும்பு போல்ட் போட்டால், உப்பீரத்தில் அந்த இடத்தில் அலுமினியம் வெண்தூளாக அரிக்கப்படும். இடையில் நைலோன் வாஷரும் கிரீஸும் வையுங்கள். செயினுக்குத் தடித்த கிரீஸ் பூசினால் மணல் ஒட்டி அரம்போல் தேய்க்கும். மெல்லிய எண்ணெய் பூசித் துடைத்துவிட வேண்டும். கடற்கரையில் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

மின்னணுப் பெட்டியை முழுக்க மூடினாலும் ஈரம் உள்ளேதான் இருக்கும். பகல் சூட்டில் மூடிய காற்று இரவில் குளிர்ந்து நீராகப் பலகையில் படியும். சிலிக்கா ஜெல் பை போடுங்கள், பலகை மேல் நிறமற்ற நகப்பூச்சு அடியுங்கள். வயர் நுழையும் துளைகளைப் பெட்டியின் கீழ்ப்பக்கத்தில் வையுங்கள். ஐபி67 என்று பெட்டியில் எழுதியிருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். நீங்கள் அதில் ஒரு துளை போட்ட கணத்தில் அந்த உறுதி போய்விடும்.

கட்டுப்பாடும் சட்டமும்

வெறும் ரிமோட்டில் ஓடுவதை ரோபோ என்று சொல்லலாமா என்ற விவாதம் உண்டு. 1972 இல் பிரித்தானிய இராணுவம் வெடிகுண்டு அகற்ற உருவாக்கிய வீல்பரோவும், மின்சாரத் தள்ளுவண்டி ஒன்றின் அடிச்சட்டத்தில் தொடங்கி, தூரத்திலிருந்து ஆள் இயக்கியதுதான். எனவே அந்தச் சொல்லில் தயங்க வேண்டியதில்லை. வேறு ஒன்றில்தான் கண்டிப்பு வேண்டும்: சமிக்ஞை அறுந்தால் வண்டி அரை நொடிக்குள் தானாக நிற்க வேண்டும். சில ரிசீவர்கள் சமிக்ஞை போனதும் கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். ரிமோட்டை அணைத்துப் பார்த்து இதைச் சோதிக்காமல் சங்கிலியை மாட்டவே கூடாது. வண்டியின் மேல், எட்டிக் கைவைக்கக்கூடிய இடத்தில், பற்றரியையே துண்டிக்கும் சிவப்பு சுவிட்ச் ஒன்றும் வேண்டும். செயினுக்கும் பற்சில்லுக்கும் இடையில் அகப்பட்ட விரலை 5 நியூட்டன் மீட்டர் விட்டுவைக்காது.

வானொலி அலை அனுப்பும் கருவிகள் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ரிமோட்டோ கமரா டிரான்ஸ்மிட்டரோ வெளிநாட்டிலிருந்து தருவிக்குமுன், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுங்கத்தில் பொதி நின்ற பிறகு கேட்பது தாமதம்.

ட்ராக் வண்டி ட்ரோன் இல்லை. ட்ரோன் விதிகள் இதற்குப் பொருந்தா. ஆனால் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, வயரும் பற்றரியும் தெரியும் பெட்டி ஒன்று ஆளில்லாமல் நகர்வதை இந்த நகரத்து மக்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. அந்த அச்சம் நியாயமானது. தமிழ் பேசும் இளைஞர் ஒருவர் இதைப் பொது இடத்தில் ஓட்டும்போது விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வரலாம். நன்கு வெளிச்சமான நிறம், மேலே எழுதிய பெயரும் தொலைபேசி எண்ணும், முன்கூட்டிய அனுமதி, கூட ஒரு பெரியவர்: இவற்றோடு போங்கள். தேவாலயம், கோயில், பள்ளிவாசல், அரச கட்டடம் அருகே வேண்டாம். வெள்ளவத்தைப் பக்கம் கடற்கரை மணலுக்குப் போக ரயில் பாதையைக் கடக்க வேண்டும். அங்கே வண்டியைத் தண்டவாளத்தின் மேல் ஓட்டிக் கடக்க முயலாதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து கையில் தூக்கிக் கடக்க வேண்டும்.

எந்த வரிசையில் சோதிப்பது?

1. சங்கிலி இல்லாமல், வண்டியைக் கட்டை மேல் நிறுத்தி மோட்டர்களை இரு திசையிலும் ஓட்டுங்கள். ரிமோட்டை அணையுங்கள். நிற்கிறதா?
2. சங்கிலியை மாட்டி, கட்டை மேலேயே பத்து நிமிடம். செயின் ஒரு பக்கம் ஏறுகிறதா என்று பாருங்கள்.
3. புல்லில் நேராக முன்னும் பின்னும்.
4. புல்லில் அகலமான வளைவு. அப்புறம் நின்ற இடத்தில் சுழற்சி.
5. கடைசியாகச் சீமெந்துத் தரையில் நின்ற இடத்தில் வலமாக ஐந்து நிமிடம், இடமாக ஐந்து நிமிடம், இடையிடையே நிறுத்தி.

ஐந்தாவது முடிந்ததும் சிவப்பு சுவிட்சை அழுத்திவிட்டு மோட்டரின் உடலில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து நொடி வைத்திருக்க முடிந்தால் மணலுக்குக் கொண்டு போகலாம். முடியவில்லை என்றால், பெரிய மோட்டர் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போகுமுன் வண்டியின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, நடுத் தரைச் சில்லுகளை இன்னும் இரண்டு மில்லிமீட்டர் இறக்கி, அதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.